கருவாட்டுப் பெட்டியும் தயிர்க்காரம்மாவின் மூக்கும்

மூலைக்கு மூலை பித்தளை அடித்த அந்த மரப்பெட்டி கப்பலேறி வந்தது. உப்பு இலாகா துரை ஒருவர் பழவேற்காட்டை விட்டுப் போகும்போது எங்கள் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதற்குள் இருந்தது கருவாடுதான். மூடியைத் திறந்தால் தெருப் பூனைகளெல்லாம் ஆஜராகிவிடும்.

அறுபதுகளின் கடைசியில் அக்காவுக்குத் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்கவேண்டும், துணிமணிக்கு ஒரு பெட்டி வேண்டும். “தொரை பொட்டி இருக்கசொல்ல புதுசு இன்னாத்துக்கு?” என்றார் நைனா. எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அக்கா அழுதேவிட்டாள். பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்கள் அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்ட கதை எனக்கு மட்டும்தான் தெரியும். “பொட்டி நாறுச்சின்னா நான் போவமாட்டேன், நைனா” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நைனா வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெட்டியோடு மல்லுக்கு நின்றார். உள்ளே மக்கிக் கிடந்த துணியைக் கிழித்தெறிந்தார். உப்புப் பூத்த மரத்தை வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். துருப்பிடித்த கீல்களை மாற்றினார். அம்மாவும் நானும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்ததில் பித்தளை பளபளத்தது. வேப்பிலையை நிரப்பி வைத்தோம், சாம்பிராணி போட்டோம். பிறகு ஆளுக்கொரு முறை தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். “வாசனையா? இன்னா வாசனை?” என்று அவரும் விழித்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குப்பத்து மூக்குக்குக் கருவாட்டு வாசனை எந்தக் காலத்தில் தெரிந்திருக்கிறது?

ஆபத்துக்கு உதவியவள் தயிர்க்காரம்மா. நெல் விளையும் ஊர்க்காரி, மீனை வாயில் வைக்காதவள். கூடையை இறக்கிவிட்டு மூடியைத் திறந்தவள், திறந்த வேகத்தில் மூடினாள். “இன்னாம்மா, கருவாட்டுக்கு சாம்பிராணி போட்டுக்கினு கீறீங்க!” நைனா மறுபடி இழைத்தார். மறுநாள் வந்தவள் மோந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் கொறஞ்சிக்கீது” என்றாள். நைனா விடவில்லை. இன்னும் இழைத்து, எண்ணெய் பூசி, அம்மாவின் பழைய பருத்திச் சேலையை உள்ளே ஒட்டினார். அக்கா கிளம்பவேண்டிய நாள் காலையில் தயிர்க்காரம்மா தலையைக் கழுத்துவரை உள்ளே நுழைத்தாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நிதானமாகத் தலையை வெளியே எடுத்து, “பொண்ண தெகிரியமா அனுப்பு, அண்ணே” என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

பொங்கல் லீவுக்கு வந்த அக்கா சொன்ன கதைதான் வேடிக்கை. விடுதியின் பூசணிக்காய் சாம்பாரில் நாக்கு செத்துப்போன பெண்கள், பழவேற்காட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று ஆசையாகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். உள்ளே வெறும் துணி. “ஒரு துண்டு கருவாடு எடுத்துக்கினு வர்லியா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மறுநாளே நைனா கருவாடு காயப்போட்டார். அவள் திரும்பிப் போகும்போது பெட்டியில் பாதி துணி, பாதி கருவாடு. படிப்பு முடியும்வரை அப்படித்தான் போனது.

இன்று அந்தப் பெட்டி திருநின்றவூரில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான அக்காவின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. போன மாதம் பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் விலை பேச வந்தார். பித்தளையைத் தடவிப் பார்த்தார், மரத்தைத் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்து, “இன்னா மேடம், ஒரு மாதிரி வாசனை வருது?” என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கருவாடுப்பா. எங்க நைனா புடிச்ச மீனு.”