ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடியவர்

எண்பதுகளில் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தபோது, புற்றுநோய் வார்டுக்கு நிதி திரட்ட நடந்த மாரத்தானில் ஓடினேன். அதுதான் எனக்கு முதல் மாரத்தான். வழியில் என்னோடு சேர்ந்துகொண்டவரின் பெயரை நான் கேட்கவே இல்லை. அந்த ஊர் பிராட்வே கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழர் என்று மட்டும் சொன்னார். தொந்தியும் வெள்ளை பனியனும் புத்தம்புது கேன்வாஸ் ஷூவுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார். அடிக்கடி நின்று சீப்பால் தலைவாரிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும்.

மட்டாஞ்சேரிக்குள் திரும்பி ஆஸ்பத்திரி மதில் தெரிந்ததும் பனியனை இழுத்துவிட்டு மறுபடி வாரினார்.

"எம் பொண்டாட்டி மாடியிலதான் இருக்கா, தம்பி. அந்த வார்டுதான். நான் களைச்சுப்போனது அவளுக்குத் தெரியக் கூடாது."

மாடி வராந்தாவில் மெலிந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதி, மதி! ஓடினது போதும். மேல வாங்க!" 'போதும்' என்பதற்கு அந்த ஊர் மலையாள 'மதி'தான் அவள் வாயில் முதலில் வந்தது.

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான், அண்ணே. கையைக் காட்டிட்டு வாங்க" என்றேன்.

"படுக்கையில விழுந்ததிலிருந்து அவ எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல, தம்பி. இன்னிக்குத்தான் கேக்குறா."

சொல்லிவிட்டு வாசலுக்குள் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது, மாடியில் அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் குழந்தை மாதிரி குனிந்து நின்றார்.

ஓடி முடித்ததும் எனக்கு மாலை போட்டார்கள். போட்டவர் கேட்டார்: "கூட வந்த சேட்டன் எங்கே? முடியாம நின்னுட்டாரா?"

"இல்ல. வீட்டுக்காரம்மா கூப்பிட்டாங்க, போயிட்டார்" என்றேன்.