புளியங்குளம் சந்தியில் குளிராமல் நின்ற கார்

"காஸ் இல்லையாம். கொஞ்சம் போட்டு விடுங்கோ."

என் கராஜுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் காரை நிறுத்துவதற்கு முன்பே சொன்ன வசனம் இது. கார் ஏசி குளிரவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வருத்தம் காஸ் குறைவு, ஒரே மருந்து காஸ். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து குந்திவிடும். இப்போது கராஜை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கோபப்பட ஆள் இல்லாமல் பகல் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

புளியங்குளம் சந்தியில், கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்புகிற இடத்துக்குக் கிட்ட என் கராஜ். கண்டி வீதியால் கொழும்பு வாகனங்கள் தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில் நாலு தகரத்தை அடித்து அதைத் தொடங்கினேன். உள்ளே ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, ஒரு மேசை விசிறி. ஏசி திருத்துகிறவனின் கடையில் ஏசி கிடையாது என்று டிறைவர்மார் எந்நாளும் பகிடி பண்ணுவார்கள். எதிர்க் கடையிலிருந்து பிளேன் ரீ வரும், ஊர்க்கதை வரும். அந்தச் சத்தம் இல்லாமல் இப்போது எனக்கு மத்தியான நித்திரை வருவதில்லை.

ஒரு சிறுபோக அறுவடைக் காலம். சரியான வெயில். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ரிஸ்னா என்ற ரீச்சர். பக்கத்தில் ஈரத் துவாயைக் கழுத்தில் சுற்றியபடி அவருடைய வாப்பா, காசிம் நானா. புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிறார்களாம்.

"அண்ணா, ஏசியில சூட்டுக் காத்துத்தான் வருது. கொஞ்சம் காஸ் போட்டு விடுங்கோ."

"வேற எங்கையும் போட்டனீங்களோ?"

"ஓம். அனுராதபுரத்தில போட்டது. வவுனியாவிலயும் போட்டது."

காஸின் அழுத்தம் காட்டுகிற கேஜைக் கொழுவிப் பார்த்தேன். இரண்டு ஊசிகளும் மேலே ஏறி நின்றன. காஸ் குறைந்தால் அவை கீழே அல்லவா கிடக்க வேண்டும்? "வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு ரெண்டு தரம் சோறு போட்டிருக்கிறாங்கள், பிள்ளை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"வாப்பாவுக்கு நெஞ்சில ஒப்பரேஷன் செய்தது. சூட்டில இருக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, இதிலயே திருப்பிப் புத்தளம் போறன்."

"கண்ணாடியைத் திறந்துவிட்டுப் போவம் மகள். இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்றார் காசிம் நானா.

"பேசாம இருங்கோ வாப்பா. போன முறை வவுனியாவில நிண்டு பட்ட பாடு காணும்."

போன முறை என்ன நடந்தது என்று வாங்கில் வந்து இருந்தபடி காசிம் நானாவே சொன்னார். முன்னால் போன ரிப்பர் லொறி கிளப்பிய கல் ஒன்று, முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கிற கண்டென்சரில் பட்டு ஓட்டையாகி, காஸ் முழுவதும் போய்விட்டது. மகள் காரை அப்படியே புத்தளத்துக்குத் திருப்பிவிட்டார். முல்லைத்தீவில் அவருக்கு வீடும் வளவும் இருந்தன. மீன் வியாபாரம், சொந்தத் தோணி, சொந்த வலை. சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனம் எல்லாம் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தபோது வெளிக்கிட்டவர், பிறகு அந்த மண்ணை மிதிக்கவே இல்லை. சொந்தக்காரர் சிலர் திரும்பி வந்து குடியிருக்கிறார்கள். "பிள்ளையளின்ர படிப்பு, கலியாணம் எண்டு காலம் போட்டுது தம்பி. பிறகு இந்த நெஞ்சு. இந்த முறையும் பாதியில திரும்பிப் போனால் நான் ஊரைப் பாக்கவே மாட்டன்."

அதைக் கேட்டதும் திரும்பவும் இஞ்சினுக்கு மேல் குனிந்தேன். நானும் இடம்பெயர்ந்து திரிந்தவன்தான். ஆனால் எனக்குத் திரும்பி வரக் கிடைத்தது.

கொம்பிரசர் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, காஸ் தேவைக்கு மேல் இருக்கிறது. அப்படியென்றால் கண்டென்சரில்தான் சூடு வெளியேறாமல் நிற்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து முன் கிரில்லுக்குள்ளால் ஊற்றினேன். உள்ளே குளிர் வந்தது. தண்ணீர் காயக் குளிரும் போய்விட்டது. சந்தேகமே இல்லை, காற்றை ஏதோ மறிக்கிறது.

அறுவடைக் காலத்தில் எங்கள் வீதியெல்லாம் நெல் காயும். முன்னால் வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் போகும். அந்தத் தூசும், நெல்லின் பதரான சப்பியும் கண்டென்சரில் போய் அடைவது வழமை. அதைத்தான் எதிர்பார்த்து ரோச் லைற் அடித்தேன். கண்டென்சரே தெரியவில்லை. அதற்கு முன்னால் பாய் விரித்தது போலச் சப்பி. கையை விட்டு இழுத்தால் அது அசையவில்லை. கட்டியிருந்தது.

வலை! சிறிய கண் வலையைப் பல மடிப்பாக மடித்து, கிரில்லுக்குப் பின்னால் நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. என் மனைவியின் ஊர் மீன்பிடிக்கிற நாயாறு. மைத்துனன் வலை கட்டும்போது போடுகிற அதே முடிச்சு. ரீச்சர்மார் போடுகிற முடிச்சு இல்லை அது.

நிமிர்ந்து காசிம் நானாவைப் பார்த்தேன். அவர் முல்லைத்தீவு வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலையை அறுத்து, சுருட்டி, சத்தமில்லாமல் வாளிக்குள் போட்டேன்.

"சப்பி அடைச்சுப்போட்டுது பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

"மறைக்காதேங்கோ தம்பி" என்று எழும்பி வந்தார் நானா. "நான்தான் கட்டினனான், மகள். திரும்பவும் கல்லுக் கில்லுப் பட்டால் நீ திருப்பிப் போடுவாயெண்டு பயம். அதுதான் நீ பள்ளிக்கூட நோட்ஸ் எழுதேக்க போய்க் கட்டினன்."

ரீச்சர் வாளிக்குள் கிடந்த வலையையும் வாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே வாப்பா" என்று மட்டும்தான் சொன்னார்.

"சொன்னால் கட்ட விட்டிருப்பியே?"

ரீச்சர் வாப்பாவின் கழுத்திலிருந்த ஈரத் துவாயைச் சரிசெய்தார். நான் கழுவுகிற வேலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்டென்சரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, கூடப் போட்ட காஸை வெளியே எடுத்து, அளவாக விட்டு ஓடவிட்டேன். ஊசிகள் தங்கள் இடத்துக்கு வந்தன. நானா உள்ளே ஏறிக் காற்று வருகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். "ஐஸ் பெட்டிக்க கை வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார். கார் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பியபோது என் நெஞ்சும் குளிர்ந்தது.

பொழுது சாய ரீச்சரிடமிருந்து போன் கோல் வந்தது. திரும்பவும் பழுதோ என்று எனக்குத் திக்கென்றது.

"ஏசி நல்லாக் குளிருது அண்ணா. ஆனால் உள்ள இருக்கத்தான் ஆளில்லை. வாப்பா எங்கட பழைய கிணத்தைக் கண்டுபிடிச்சு, அந்தக் கட்டில ஏறி இருக்கிறார். கடல் காத்து வருதாம், காருக்க வரமாட்டாராம். போவம் எண்டு கேக்க எனக்கும் வாய் வருதில்லை."

காஸ் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் கேஜ் சொல்லும். அந்த வலையை அது சொல்லவில்லை. இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பொனற்றைத் திறப்பதற்கு முன்னால், காரில் வந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒருதரம் கேளுங்கள்.