நூல்கடை முத்திரை குத்திய நாவல்

கோயிலில் முதன்முதலாக நாக்கில் அப்பம் வாங்கும் புதுநன்மைப் பிள்ளைகள் அதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். எட்டு வயதில் சாமியாரிடம் சொல்வதற்கு அப்படியென்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். என்னிடம் ஒன்று இருந்தது. அதற்கு நூற்று இருபது பக்கங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாட்டுக்குழுவில் முதல் குரல். எங்கள் வீட்டில் ஜெபப் புத்தகத்தையும் புனிதர்களின் சரித்திரத்தையும் தவிர வேறு அச்சடித்த காகிதம் இருந்தால், அது மீன் சுற்றி வந்த பேப்பராகத்தான் இருக்கும். அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களோடுதான் இருந்தாள். இருபத்து மூன்று வயது. அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வந்த வரன்கள் மூன்றையும் ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்திருந்தாள். "இவ மனசுல என்னதான் இருக்கு?" என்று அம்மா அடுப்படியில் அலுத்துக்கொள்வாள்.

அத்தையின் மனசில் ஆலங்கரை இருந்தது. எனக்குத் தெரிந்து அவ்வளவுதான். ஆலங்கரை என்பது நிஜத்தில் எங்கும் இல்லாத ஒரு சின்ன ஊர். மாதம் ஒரு நாவலாகக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஒரு போஸ்டாபீஸ், ஒரு டாக்டர், ஒரு டூரிங் கொட்டகை. ஒவ்வொரு நாவலிலும் அந்த ஊரில் யாராவது இரண்டு பேர் காதலித்து, அழுது, கடைசிப் பக்கத்தில் கல்யாணம் செய்துகொள்வார்கள். போன நாவலில் மாலை மாற்றியவர்கள் இந்த நாவலில் கைக்குழந்தையோடு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். முப்பது நாவல்களுக்கு மேல் வந்தும் அந்த ஊரில் கல்யாணமாகாதவர்கள் தீர்ந்தபாடில்லை. சிராங்கூன் ரோட்டைத் தாண்டி அதிகம் போயிராத அத்தைக்கு, ஆலங்கரையில் எந்தத் தெருவில் யார் வீடு என்பதெல்லாம் அத்துப்படி.

நாவலுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுத் தையல் மிஷினின் இழுப்பறையில், துணித் துண்டுகளுக்கு அடியில் வைத்திருப்பாள். அவள் ரவிக்கை கொடுக்கப் போகும் நேரத்தில் நான் எடுத்துப் படிப்பேன். சில வரிகளின் கீழ் கறுப்புப் பென்சில் கோடும், சிலவற்றின் கீழ் சிவப்புக் கோடும் இருக்கும். ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்ய வேண்டிய வரிகளுக்குத்தான் கோடு போடச் சொல்வார்கள். ஆகவே நான் அவற்றை மனப்பாடம் செய்தேன். 'உங்கள் வீட்டில் எப்போது பேசுவீர்கள்?' என்பது சிவப்பு. 'தைப்பூசம் கழியட்டும், அப்பாவிடம் சொல்கிறேன்' என்பது கறுப்பு.

புதுநன்மைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் ஒரு கதை சொன்னார். கெட்ட புத்தகம் படித்த ஒரு பெண், அதைச் சாமியாரிடம் மறைத்துவிட்டு நன்மை வாங்கினாளாம். நாக்கு கறுத்து, சாயங்காலத்துக்குள் செத்துப்போனாளாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். சொன்னாலோ, சாமியார் அப்பாவிடம் சொல்லிவிடுவார், அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். சொல்லாவிட்டால் நரகம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, பெல்ட்டே தேவலாம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முட்டி போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது.

"படிக்கக் கூடாத புஸ்தகம் படிச்சேன், சாமி."

"உன் புஸ்தகமா?"

"இல்ல சாமி."

"கேக்காம எடுத்தியா?"

"ஆமா சாமி."

"உடையவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துடு. மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு, போ."

உடையவர் அத்தைதானே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நாவலின் முதல் பக்கத்தில் கேம்பல் லேன் தையல் நூல்கடையின் ரப்பர் முத்திரை இருந்தது. அந்தக் கடை முதலாளி எதைக் கண்டாலும் முத்திரை குத்துவார். முக்காலி, ஏணி, சாமி படத்தின் பின்புறம் எதுவும் தப்பாது. வாரா வாரம் அத்தையும் நானும் அங்கேதான் நூல் வாங்கப் போவோம். முதலாளியின் மகன், ஒரு பச்சை நூலைத் துணியோடு பொருத்திப் பார்க்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை அந்தக் கடையில் திருடியிருக்கிறாள்! பயம் இப்போது இரட்டிப்பானது. நான் மட்டும் தப்பித்து, அத்தை நரகத்தில் வேகக் கூடாது. அத்தை என்றால் எனக்கு உயிர்.

நாவலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தனியாகச் சிராங்கூன் ரோட்டைக் கடந்தேன். அதுவரை யாருடைய கையையும் பிடிக்காமல் நான் அதைக் கடந்ததில்லை. கடையில் மகன் இல்லை. நெற்றி நிறைய விபூதியோடு முதலாளிதான் உட்கார்ந்திருந்தார்.

"என்ன நூல் வேணும்?"

"நூல் வேணாங்க ஐயா. இது உங்க கடைப் புஸ்தகம். எங்க அத்தைகிட்ட இருந்துச்சு. திருப்பிக் குடுக்கணும்னு எங்க கோயில் சாமியார் சொல்லிட்டாரு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். கோடுகளின் மேல் அவருடைய விரல் மெதுவாக நகர்ந்தது. நான் போலீஸ் வரப் போகிறது என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாமியாருக்கே தெரிஞ்சுபோச்சா?" என்றார். "வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஆண்டவருக்குத் தெரியும்" என்றேன்.

நாவலை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். ஒரு முழம் வெள்ளை ரிப்பன் வெட்டிக் கொடுத்து, என்னிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். நான் வீடு வரைக்கும் ஓடினேன். நாக்கு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது.

அத்தை என்னுடைய வெள்ளை கவுனுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலுக்காக இழுப்பறையைத் திறந்தவள் துணித் துண்டுகளையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டாள்.

"பாப்பா, இங்க ஒரு புஸ்தகம் இருந்துச்சே?"

"உடையவங்ககிட்டக் குடுத்துட்டேன், அத்தை. இனிமே உங்களுக்கும் பாவம் இல்ல."

"யார்கிட்ட குடுத்த?"

"பெரியவர்கிட்ட. சாமியார் சொன்னதையும் சொல்லிட்டேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அத்தை துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்து, மறுபடியும் மிஷினை மிதித்து, மிச்ச ஓரத்தை அடித்து முடித்தாள். அடித்திருந்தால்கூட அன்றைக்கு நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மறுநாள் நன்மை வாங்கினேன். நாக்கு கறுக்கவில்லை. அப்பாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் நூல்கடைக்கு என்னை மட்டும் அனுப்பினாள் அத்தை. முதலாளியே நூல் எடுத்துக் கொடுத்தார். மகன் ஈப்போவில் சித்தப்பா கடைக்குப் போய்விட்டதாக வேலையாள் சொன்னார். அதன்பின் வந்த வரனை அத்தை தட்டவில்லை. மாப்பிள்ளை ஜொகூரில் ஒரு தோட்டத்தில் கிராணி. ஆலங்கரை நாவல் ஒன்றுகூட அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்யாணமாகி நான்காம் நாள், தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் அத்தையை ரயிலேற்றப் போனோம். அப்பாவும் புது மாப்பிள்ளையான மாமாவும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி என்னை அருகே இழுத்தாள்.

"பாப்பா, அன்னிக்கு அந்தப் பெரியவர் ஏதாச்சும் சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். "ம்ம். நல்ல பொண்ணுன்னு சொன்னாரு, அத்தை."

என் தோளைப் பிடித்திருந்த அவளுடைய கை இறுகியது. "யாரை?"

"என்னைத்தான்."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு கன்னத்தைத் தட்டி, "ஆமா, நீ நல்ல பொண்ணுதான்" என்றாள். ரயில் நகர்ந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்னைப் பிரிந்து போவதற்காக இவ்வளவு அழுகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.