வேலியில் ஒரு பொட்டு

பாலையூற்றில் ஐவியை வாய்க்காரி என்பார்கள். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்த புருஷன் இறந்தபின், அப்பம் சுட்டு விற்றுப் பெண்பிள்ளைகளை வளர்த்தவள். எவனுக்கும் பயந்ததில்லை. எழுபத்திரண்டு வயதில், பக்கத்து வீட்டுப் பேணாட் சிறை மறியலிலிருந்து விடுதலையாகி வருகிறான் என்றதும் முதல்முறையாகப் பயந்தாள். சிறுமிகளைக் கெடுத்ததற்காக இரண்டாம் முறை உள்ளே போனவன். வெளியே விட்டால் திரும்பவும் செய்வேன் என்று சிறையில் அவனே சொல்லியிருந்தான்.

பொலிசுக்கு ஓடினாள்.

"தண்டனை முடிஞ்சுது. இனிச் செய்வான் எண்டு ஆளைப் பூட்டிவைக்கச் சட்டமில்லை, அம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப செய்தபிறகு வரட்டோ?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் தென்னோலைக் கிடுகை எடுத்து வேலிப் பொட்டை அடைக்கத் தொடங்கினாள். இரு வீட்டுப் பெண்களும் தெருவில் இறங்காமல் வந்துபோக, வேலியில் விட்டிருந்த இடைவெளி அது. மறுபக்கம் பேணாட்டின் மனைவி திரேசம்மா வந்து நின்றாள். ஐவி நிமிரவில்லை.

"அடையுங்கோ அக்கா. உங்களைப் பிழை சொல்ல ஏலாது."

திரேசம்மாவின் கை, சின்ன மகளின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"கீழை மட்டும் கொஞ்சம் விடுங்கோ. இவள் ஓடிவாறதுக்கு வேற வழியில்லை."