‘எதைடீ?’ என்று கேட்ட மலை

இங்கிலீஷ் மாஸ்டர் வேலையில் தொண்டைத் தண்ணி வற்றுவது செயப்பாட்டு வினைக்குத்தான். என்னோடு சேர்ந்து வற்றிய மாஸ்டர்மாரே, உங்களுக்கே தெரியும். தொண்ணூறுகளில் இலங்கையில் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் ஞாயிறுதோறும் டியூசன் வைத்தேன். பாஸ் பண்ண வைப்பதில் நான் புலி, சந்தேகமே வேண்டாம்.

தூங்கப்பட்ட சரோஜா

சரோஜா அப்பப்போ கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற பெண். இங்கிலீஷ் பரீட்சையில் ஏற்கெனவே கோட்டை விட்டவள். பண்டாரவளையில் ஒரு பாலர் பாடசாலை, இங்கிலீஷ் பாஸானால் டீச்சராக எடுக்கிறோம் என்றிருந்தது. அவளோ எந்த வினையைக் கண்டாலும் செயப்பாட்டு வினையாகப் புரட்டிவிடுவாள். ‘நான் தூங்கினேன்’ என்பதையே ‘என்னால் தூங்கப்பட்டது’ என்று இங்கிலீஷில் எழுதிவைத்தாள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

“வினையைப் பார்த்து ‘எதை?’ன்னு கேளு. பறிச்சா. எதை? கொழுந்தை. பதில் வருதா, புரட்டு. தூங்கினா. எதை? ஒண்ணுமில்ல. விட்டுடு” என்றேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா சொன்னார்: “இந்தத் தடவையும் போச்சுன்னா தோட்டத்துல நிரந்தரக் கூலியா பேரைப் பதிஞ்சிடுவேன் மாஸ்டர். அப்புறம் அதைப் புரட்டவே முடியாது.”

கங்காணியின் புகார்

சரோஜா பறிக்கும்போதே வினைகளைச் சத்தமாகச் சொல்லி, தமிழில் அர்த்தமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பக்கத்து நிரைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? எல்லாருமாக ‘எதைடீ?’ என்று கத்துவார்களாம். பதில் வந்தால் ‘புரட்டு!’, வராவிட்டால் ‘விட்டுடு!’. அவர்களை வேலை வாங்கும் கங்காணி என்னைத் தேடி மடுவத்துக்கே வந்துவிட்டார்.

“‘நேரமாச்சு, கெளம்புங்க’ன்னா ‘எதை?’ங்கிறாளுக மாஸ்டர்! ‘விட்டுடு’ன்னு அவளுகளே சொல்லிட்டு உக்காந்துக்கிறாளுக!”

ரிசல்ட் வந்த அன்று

ரிசல்ட் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் லயத்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே மலைக்கு ஏறினாள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நானும் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்ற அப்பா அவள் முகத்தையே பார்த்தார்.

“பாஸ் பண்ணிட்டேன்!”

மலையே திரும்பியது: “எதைடீ?”

“இங்கிலீஷை!”

அம்மாடி, அந்தக் கூச்சல்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “புரட்டிட்டாளே மாஸ்டர், என் மக!”

அவளைப் பாஸ் பண்ண வைத்தது நான்தான் என்று இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அந்தப் பெண்கள் இருக்கும் மலைப் பக்கம் போனால் மட்டும் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.