பதிலுக்கு நிற்காத குரல்

தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை என்பது, ஒரு தகரக் கூரையின் கீழ் ஐந்து வகுப்புகளை ஒரே தொண்டையால் ஓட்டுகிற வேலை. தொண்டை கட்டிய நாளில் நெஞ்சுக்குள் பயம் பிடித்துக்கொள்ளும் என்பது, இதைப் படிக்கிற சக வாத்தியார்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே நான் படிப்பித்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், இரண்டாவது தொண்டையாக ஒரு ரேடியோ வந்து சேர்ந்த கதை இது.

பெட்டி வந்த நாள்

தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை தன் பங்களாவுக்குப் புது ரேடியோ வாங்கியதால் பழையது எங்களுக்கு வந்தது. கொழும்பிலிருந்து காலையில் ஒலிபரப்பாகும் பள்ளிப் பாடங்களைப் பிள்ளைகள் கேட்கட்டும் என்பது துரையின் எண்ணம். ஆபீஸின் பெரிய கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தவர், கிரிக்கெட் பைத்தியம். உத்தியோகத்தர் கிளப்புக்கு அந்தப் பெட்டியைக் கேட்டிருந்தார். கடைசியில் துரை ஒரு முடிவு சொன்னார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் வரும்வரை ரேடியோ பள்ளிக்கூடத்தில் இருக்கும். பிள்ளைகளுக்குப் பயன் இல்லையென்று தெரிந்தால் கிளப்புக்குப் போய்விடும்.

சவுக்கு மரத்தில் கம்பியைக் கட்டி, கார் பெட்டரியோடு இணைத்துக் குமிழைத் திருகினேன். கொஞ்ச நேரம் கரகரத்துவிட்டு, "வணக்கம் மாணவர்களே" என்றது பெட்டி. அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்துவிட்டேன். மலைக்கு அப்பால் எங்கோ ஒருவர் பேச, இங்கே பனிமூட்டத்துக்குள் எங்களுக்குக் கேட்கிறது! பக்கத்தில் கைக்குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவிலிருந்து செல்லாயி அக்கா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். பாடம் முடியும்வரை அசையாமல் நின்றுவிட்டுச் சொன்னார்:

"ஏஞ் சார், இம்புட்டு நேரமா பேசுறாரு, ஒரு எடத்துலகூட மூச்சு வாங்கலியே!"

காது இல்லாத வாத்தியார்

முதல் சில நாள் பெட்டியைப் பேசவிட்டு நான் சும்மா இருந்தேன். தொண்டைக்கு ஓய்வு என்று சந்தோஷம்தான். ஆனால் ஒரு நாள் ரேடியோ ஒரு கேள்வி கேட்டது: "மழை எங்கிருந்து வருகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்?" நாலாம் வகுப்புப் பாக்கியம் எழுந்தாள். நான் கேட்டு ஒருநாளும் வாய் திறக்காத பிள்ளை. "மேகத்துலேருந்து... அந்த மேகம் வந்து..." என்று அவள் தொடங்குவதற்குள் பெட்டி, "சரியாகச் சொன்னீர்கள்" என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். "நான் இன்னும் சொல்லவே இல்லியே சார்?"

அன்றிரவு எனக்கு யோசனையாகவே இருந்தது. பெட்டியிடம் இல்லாதது காது. என்னிடம் இருக்கிறது, அதை நான் எதற்கு வைத்திருக்கிறேன்? மறுநாளிலிருந்து ரேடியோ கேள்வி கேட்டதும் குமிழைத் திருகி நிறுத்தினேன். மீதிப் பாடம் காற்றோடு போனது. பிள்ளைகள் பேசினார்கள். பாக்கியம் மேகத்தைச் சொல்லி முடித்தாள். வழியோடு போன பெரிய கிளாக்கர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்ன மாஸ்டர், கதைக்கிற பெட்டியைத் தந்தால் அதை நிப்பாட்டிப்போட்டு நீங்களெல்லோ கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்! கிளப்பிலையெண்டால் நாங்கள் ஒரு சொல்லும் விடாமல் கேட்பம்."

கடல் வந்த காலை

ஒரு காலை ரேடியோவில் கடல் வந்தது. விளக்கம் எதுவுமில்லை, அலைச்சத்தம் மட்டும். அந்தப் பிள்ளைகளில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. தகரத்தில் மழை பெய்கிறதென்று நினைத்து எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராகப் பெட்டியின் பக்கம் நகர்ந்து வந்து, மரப்பலகையில் காதை வைத்தார்கள்.

நிறுத்திவிட்டு, அது கடல் என்றேன். "மழன்னா கொஞ்ச நேரத்துல விட்ரும். இது விடவே மாட்டேங்குதே, அங்க உள்ளவங்க துணிய எப்பிடிக் காயப்போடுவாங்க?" என்று பாக்கியம் கேட்டாள். நான் கடலைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓடுகிற ஓடை ஆற்றில் விழுகிறது, ஆறு மகாவலியில் சேர்கிறது, மகாவலி கடலுக்குப் போகிறது என்றேன். எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போய் ஓடையைப் பார்த்தார்கள். பாக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நம்ம ஓடத் தண்ணியா சார் அங்க அம்புட்டுச் சத்தம் போடுது?"

இன்ஸ்பெக்டர் வந்த நாள்

எங்கள் பெட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது தேயிலை ஃபெக்டரியில். கொழுந்து லொறியில் போய், கொழுந்து லொறியில் திரும்பும். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் பார்த்து மலையெல்லாம் கொழுந்து குவிந்துவிட்டது. கொழுந்து மிஞ்சினால் லொறியில் வேறெதற்கும் இடமில்லை என்பது தோட்டத்துச் சட்டம். பெட்டரி கொழுந்து நிறுக்கிற மடுவத்திலேயே தங்கிவிட்டது.

துரையும் பெரிய கிளாக்கரும் இன்ஸ்பெக்டரோடு வந்து நின்றார்கள். குமிழைத் திருகினேன். கரகரப்புக்கூட இல்லை. கிளாக்கரின் முகத்தில் கிரிக்கெட் தெரிந்தது. நான் பெட்டியைப் பார்க்கவில்லை. நாளை முதல் பாக்கியம் மறுபடி வாய் மூடிவிடுவாளோ என்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அவசரக்காரர். "ஆறுகள் எங்கே போய்ச் சேருகின்றன?" என்று கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அடுத்தது..." என்று அடுத்த வகுப்புப் பக்கம் திரும்பினார். பாக்கியம் எழுந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க சார், பதில் சொல்றோம். ரேடியோவுக்குத்தான் காது இல்ல."

தீர்ப்பு

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஓடையில் தொடங்கிக் கடல்வரை பிள்ளைகள் மாறி மாறிச் சொன்னார்கள். முடிவில் பாக்கியம் துணியைப் பற்றிக் கேட்டாள். அவர் கடலோர ஊர்க்காரர். "காயும் மகள். காய்ந்த பிறகும் உப்பு பிசுபிசுக்கும்" என்றார். பிள்ளைகள் தங்கள் சட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பேசாத பெட்டியைச் சுற்றி இத்தனை பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு இன்றைக்கும் பிரமிப்புத்தான்.

துரை வாசலில் நின்று கிளாக்கரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கிளாக்கர் என்னிடம் வந்து பெருமூச்சு விட்டார்.

"பெட்டி இஞ்சையே நிக்கட்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்ச் கேட்க நாங்கள்தான் இஞ்சை வரவேணும். முன் பெஞ்சை எங்களுக்கு விடுங்கோ மாஸ்டர், குமிழிலை மட்டும் கை வைச்சிடாதேங்கோ!"

இத்தனை வருஷம் ரேடியோவை வைத்துப் பாடம் நடத்தியதில் நான் தேறிய ஒரே வித்தை, அதை எப்போது நிறுத்துவது என்பதுதான்.