ரீல் திருத்திய தபால்காரர்

போரால் இடம்பெயர்ந்து உரும்பிராய்ப் பள்ளிக்கூடமொன்றில் இருந்தபோது, எங்கள் வகுப்பறையில் ஒரு தபால்காரரும் தங்கியிருந்தார். ஒல்லியானவர். உடைந்த மூக்குக்கண்ணாடியைத் தூண்டில் நூலால் கட்டிப் போட்டிருப்பார். வரும் வழியில் அவர் மனைவி ஷெல் குண்டு பட்டு இறந்துபோனார். அவரிடம் மிஞ்சியது விடுமுறை நாள்களில் மீன்பிடிக்கவென்று சேர்த்துவைத்த, நூல் சுற்றும் பழைய தூண்டில் ரீல்கள் ஒரு சாக்கு நிறைய. பொத்தானை அழுத்தினால் நூலை விடும், மூடி போட்ட ரகம். தினமும் ஒன்றைக் கழற்றிக் கறளாய்ப் படிந்த துருவைச் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசுவார்.

“அண்ணை, கடலுக்குப் போகத் தடையெல்லோ? உதுகளை ஏன் திருத்திறியள்?” என்று கேட்டேன்.

“கடல் இனி எங்களுக்கு இல்லைத் தம்பி. கை சும்மா இருந்தால் மனிசியின்ரை முகம் வருது.”

ஒருநாள் கடைசி ரீலும் சரிவந்தது. பொத்தானை அழுத்தி நூலை இழுத்தார், தடையின்றி ஓடியது. அறையிலிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. திருப்புளியை எடுத்து அதையே மறுபடி கழற்றத் தொடங்கினார்.